தழும்பு தோலின் குற்றமா? சாத்தாங்காட்டிலிருந்து ஒரு கேள்வி

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குள் காலையில் நுழைபவர் முதலில் கேட்பது, தகட்டின்மேல் தகடு விழும் ஓசையைத்தான். ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைப்பதற்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இரும்பு வணிகத்தைத் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடைப்பட்ட இப்பகுதிக்கு இடம்மாற்றியது. சுருள்களும் தகடுகளும் கம்பிகளும் லாரிகளில் வந்து இறங்குகின்றன, அளவுக்கு வெட்டப்படுகின்றன, மீண்டும் ஏற்றப்படுகின்றன. வெட்டிய தகட்டின் விளிம்பு கத்தியைப் போலக் கிழிக்கும். சுருளைக் கட்டியிருக்கும் எஃகுப் பட்டையை வெட்டும் நொடியில் அது துள்ளி முகத்தில் அடிக்கக்கூடும்.

அவ்வாறு கன்னம் கிழிபட்ட சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். டி.டி. ஊசி போடப்படுகிறது, கையில் கிடைத்த நூலால் தையல் போடப்படுகிறது, ஒரு வாரத்துக்குள் வந்து பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல் அவர் இரண்டு வாரம் கழித்தே வருகிறார். ஆறு மாதம் ஆன பிறகும் அவர் கன்னத்தில் தண்டவாளம் போன்ற ஒரு கோடு. இரு மருங்கும் ஊசி நுழைந்த புள்ளிகள். சுற்றிலும் தோலைவிடக் கருத்த ஒரு நிழல். "கருப்புத் தோல் அப்படித்தான், தழும்பு நிற்கத்தான் செய்யும்" என்று அவரிடம் சொல்கிறார்கள். அவரும் அதை ஏற்றுக்கொள்கிறார்.

இந்த ஒற்றை வாக்கியத்தை நாம் ஆராய வேண்டியிருக்கிறது. தோலின் இயல்பு என்று சொல்லப்படுவதில் எவ்வளவு தோலுடையது, எவ்வளவு நூலுடையது, எவ்வளவு அந்தத் தொழிலாளிக்கு மறுக்கப்பட்ட ஒரு நாள் விடுப்புடையது?

வடசென்னையின் கைகள்

வடசென்னையில் காயமும் மருத்துவமும் நெடுங்காலம் இணைந்தே வளர்ந்தவை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த இடத்தில் 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. அங்கே 1971-இல் மருத்துவர் ஆர். வெங்கடசுவாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முன்னோடிப் பிரிவுகளுள் ஒன்றாகிய அது, பின்னாளில் கை மறுவாழ்வுக்கும் ஒட்டுறுப்பு அறுவைக்குமான நிறுவனமாக வளர்ந்தது. துறைமுகமும் ஆலைகளும் பட்டறைகளும் சூழ்ந்த நிலத்தில், எந்திரத்தில் சிக்கிய விரல்களும் தகட்டில் கிழிந்த உள்ளங்கைகளும் நாள்தோறும் வந்து சேரும் ஒரு மருத்துவமனையில், இத்தகைய பிரிவு வேர்விட்டு வளர்ந்ததில் வியப்பில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும், வீடு புகுந்து வந்த சக மாணவர்களின் அரிவாளால் வெட்டப்பட்டபோது, திருநெல்வேலி மருத்துவமனைக்கு ஸ்டான்லியிலிருந்து வல்லுநர் குழு அனுப்பப்பட்டது. தொழிலாளர்களின் கைகளைத் தைத்துத் தேர்ந்த அறிவு, சாதி வெறி வெட்டிய உடலைச் சீரமைக்கச் சென்றது. திறமை நம் பொது மருத்துவமனைகளில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது வல்லுநர் பிரிவின் வாசலோடு நின்றுவிடாமல், முதல் தையல் விழும் அவசரச் சிகிச்சைப் பிரிவு வரை எட்டுகிறதா என்பதே நம் கவலை.

தோலுக்குள் நிகழ்வது

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை ஆக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கருத்த தோலிலும் வெளுத்த தோலிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு நிறமியை ஆக்குகின்றன, அந்த நிறமித் துகள்கள் எவ்வளவு பெரியவை, எவ்வாறு பரவியிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. தோலில் அழற்சி ஏற்பட்டால் இந்த உயிரணுக்கள் தூண்டப்பட்டுக் கூடுதல் நிறமியை ஆக்குகின்றன. கருத்த தோலில் அந்தக் கருமை அடர்த்தியாகத் தெரிகிறது, மாதக்கணக்கில் நீடிக்கிறது. நிறமி தோலின் கீழடுக்குக்குள் இறங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கிலும் நிற்கும். அதற்கு மாறாக, அந்த உயிரணுக்களே அழிந்துபோன இடம் வெளிறிய திட்டாக நிற்கிறது.

தடித்த தழும்பு வேறொரு சிக்கல். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது ஒருவகை. எல்லையைத் தாண்டிச் சுற்றியுள்ள நல்ல தோலிலும் படர்வது கெலாய்டு. மார்பெலும்பின் மேற்புறம், தோள், காதுமடல், தாடை ஆகிய இடங்களில் கெலாய்டு மிகுதியாக வருகிறது. ஆப்பிரிக்க, ஆசிய வழியினரிடம் அதற்கான வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவம் நெடுநாளாக அறிந்த செய்தி.

ஆகவே, தோலின் பங்கு என்று ஒன்று உண்டு. அதை மறுக்க நாம் வரவில்லை. எந்தத் தோல் அழற்சிக்கு இவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டுகிறதோ, அந்தத் தோலில்தான் அழற்சியைக் குறைக்கும் நூலும் முறையும் மிகத் தேவை. "கருப்புத் தோல் அப்படித்தான்" என்பது கவனத்தைக் கூட்டுவதற்கான காரணம். அது கவனத்தைக் கைவிடுவதற்கான சாக்காகிப் போனதே நம் வழக்கு.

நூல்கள் ஒன்றுபோல் இல்லை

தையல் நூல்களை இரண்டு கேள்விகளால் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். உடலுக்குள் தானே கரையுமா, கரையாதா? ஒற்றை இழையா, பல இழைகளைப் பின்னியதா?

கேட்கட் என்னும் பழைய நூல் ஆடுமாடுகளின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. அயல் புரதமாகிய அதை உடலின் நொதிகள் தாக்கிச் செரிக்கின்றன. அந்தத் தாக்குதலே அழற்சி. மாட்டு மூளை நோய் குறித்த அச்சத்தால் ஐரோப்பா 2001-இல் அதைக் கைவிட்டது. பட்டு நூலும் புரதமே; பின்னப்பட்டது; முடிச்சு நன்றாக நிற்கும் என்பதால் மருத்துவர்களின் கைக்குப் பழகியது. ஆனால் அது தூண்டும் எதிர்வினை மிகுதி. பின்னலின் இடுக்குகளில் கிருமிகள் தங்கவும் இடமுண்டு. முகத்தோலைத் தைக்க அது ஏற்றதன்று.

நைலானும் பாலிபுரொப்பிலீனும் கரையாத ஒற்றை இழைகள். வழவழப்பானவை, திசுவை உறுத்துவது குறைவு. பாலிகிளாக்டின், அதாவது மருத்துவமனைகளில் விக்ரில் என்ற வணிகப்பெயரால் அறியப்படும் நூல், நீரால் சிதைந்து 56 முதல் 70 நாட்களில் கரைகிறது. அதன் விரைவு வகை ஏறத்தாழ 42 நாட்களில் கரையும். பிடிமானத்தை இரண்டு வாரத்துக்குள்ளாகவே இழந்துவிடும் என்பதால் மேல்தோலுக்கு அது பொருந்தும். பாலிகிளிகாப்ரோன் என்னும் ஒற்றை இழை, தோலுக்கு உள்ளேயே ஓடும் தையலுக்கு உகந்தது.

பருமனும் முதன்மையானது. நூலின் எண்ணில் சுழியம் கூடக்கூட இழை மெலிகிறது. முகத்துக்கு 5-0, 6-0 போன்ற மெல்லிய நூல் வேண்டும். கையையும் காலையும் தைக்கும் 3-0 நூலைக் கன்னத்தில் போட்டால், காயத்தின் கோட்டோடு ஊசித் துளைகளும் தனித் தழும்புகளாக நிற்கும். நூலின் நிறத்துக்கும் பங்குண்டு. கருத்த தோலிலும் தாடி மயிரின் நடுவிலும் கருப்பு நைலான் முடிச்சைக் கண்டுபிடிப்பது கடினம். பிரிக்கும்போது துண்டுகள் உள்ளே தங்கிவிடலாம். நீல நிறப் பாலிபுரொப்பிலீன் தெளிவாகத் தெரியும். இத்தகைய சிறு செய்திகள், எவருடைய தோலை மனத்தில் வைத்து ஒரு மருத்துவர் பயிற்றுவிக்கப்பட்டார் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

நூல் மட்டுமே காரணமன்று

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரையும் நூலையும் கரையா நூலையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் தொகுப்புகள், இறுதித் தழும்பின் தோற்றத்தில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. ஒரு நல்ல நூலை வாங்கி வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நாம் சொன்னால் அது பொய்யாகும். எனினும், அவ்வாய்வுகள் பலவும் கருத்த தோலுக்கான முடிவைத் தனியே பிரித்துக் காட்டுவதில்லை என்பதையும், அவற்றில் எந்த நூலானாலும் உரிய நுட்பத்தோடு போடப்பட்டு உரிய நாளில் கவனிக்கப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம் மருத்துவமனை வரிசைகளில் தவறிப்போவது அந்த நுட்பமும் அந்த நாளும்தான்.

முதலாவது, கழுவுதல். இரும்புத் தூளும் துருவும் கிரீசும் படிந்த காயத்தை முழுமையாகக் கழுவித் துடைக்காமல் மூடினால், அந்தத் துகள்கள் பச்சை குத்தியதைப் போலத் தோலுக்குள் நிலைத்துவிடும். பிறகு எந்த நூலாலும் பயனில்லை.

இரண்டாவது, இழுவிசை. ஆழ்ந்த காயத்தில் தோலின் அடியடுக்கைக் கரையும் நூலால் முதலில் இணைத்துவிட்டால் மேல்தோலுக்கு இழுப்பு இராது. அடியடுக்கை விட்டுவிட்டு மேலே மட்டும் இறுக்கி முடிந்தால், முழுச் சுமையும் மேல்தோலின்மீது விழுகிறது. அங்கே தழும்பு அகலும், தடிக்கும். இரண்டடுக்குத் தையலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் இரவில் பயிற்சி மருத்துவர் ஒருவரிடம் அந்த நேரம் இருப்பதில்லை. அவரைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது; கேள்வி பணியிடங்களை நிரப்பாதவர்களை நோக்கியது.

மூன்றாவது, நாள். முகத்தில் போட்ட தையலை ஏறத்தாழ ஐந்தாம் நாளில் பிரித்துவிட வேண்டும். ஏழு நாளைத் தாண்டவிடக் கூடாது. தலையில் ஏழு முதல் பத்து நாள். கை, கால், மூட்டுகளில் பத்து முதல் பதினான்கு நாள். அதற்கு மேல் நூல் தங்கினால், ஊசி நுழைந்த வழியெங்கும் தோல் உள்ளிறங்கி வளர்ந்து நிலையான தடத்தை உண்டாக்கிவிடும். அதுவே அந்தத் தண்டவாளக் கோடு. ஐந்தாம் நாளில் காயம் இயல்பான வலிமையில் மிகச் சிறு பங்கையே எட்டியிருக்கும். ஆகவே பிரித்தபின் ஒட்டுப்பட்டை தாங்க வேண்டும், சில வாரம் சுமை தவிர்க்க வேண்டும். நாட்கூலியில் அது யாருக்கு வாய்க்கும்?

நான்காவது, வெயில். புதிய தழும்பின்மீது வெயில் பட்டால் கருமை கூடும். திறந்த வெளியில் தகடு சுமப்பவரிடம் "வெயிலில் போகாதீர்கள்" என்பது அறிவுரை ஆகாது. சிலிக்கான் களிம்பும், கெலாய்டுக்குப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் பயன் தருபவை. ஆனால் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டியவை.

இந்நான்கையும் அடுக்கிப் பார்த்தால், தோல் தன் பங்கைச் செய்வதற்கு முன்பே பல முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன என்பது விளங்கும்.

யாருடைய தோல் அளவுகோல்?

தோல் மருத்துவம் இன்றும் பயன்படுத்தும் வகைப்பாட்டை 1975-இல் அமெரிக்கரான தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கினார். புறஊதாக் கதிர்ச் சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் தாங்கும் என்று கணிப்பதற்காக, வெயிலில் தோல் கன்றிச் சிவப்பதை அவர் அளவாகக் கொண்டார். முதலில் அதிலிருந்தவை வெள்ளைத் தோலின் நான்கு வகைகளே. பழுப்புத் தோலும் கருப்புத் தோலும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. உலக மக்களில் பெரும்பாலோரின் தோல் பிற்சேர்க்கையாக வந்த கதை இது. 2020-இல் லண்டனில் மலோன் முகுவெண்டே என்னும் மருத்துவ மாணவர், நோய்க்குறிகள் கருத்த தோலில் எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டும் கையேட்டை ஆசிரியர்களோடு இணைந்து உருவாக்க நேர்ந்ததும் இதனால்தான். அழற்சியைச் "சிவந்திருக்கிறதா" என்று பார்க்கக் கற்ற கண்ணுக்கு, கருத்த தோலில் அது கருஞ்செம்மையாகவோ சாம்பலாகவோ தோன்றும்போது தெரியாமல் போகிறது. தையல் சீழ்பிடிப்பது தாமதமாகவே அறியப்படுகிறது.

லண்டனில் கருத்த தோல் சிறுபான்மை. சென்னையில் அதுவே பெரும்பான்மை. பெரும்பான்மையினரின் தோலையே விதிவிலக்காக நடத்தும் பாடநூலை நாம் இறக்குமதி செய்து வைத்திருக்கிறோம்.

கருப்பு நிறமும் சாதியும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். எல்லாச் சாதியிலும் கருப்பரும் உண்டு, சிவப்பரும் உண்டு. நிறத்தைக் கொண்டு சாதியைக் கணிப்பதே சாதியத்தின் பழைய தந்திரம். காயம் வரும் வழிதான் சாதியால் பங்கிடப்பட்டிருக்கிறது. உழைப்பவர்களையே மேல்கீழ் அடுக்குகளாகப் பிரித்து வைப்பது சாதி என்று அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். குப்பையைக் கையால் பிரிக்கையில் கண்ணாடி கிழிப்பதும், தகட்டின் விளிம்பில் கை வைப்பதும், அரிவாளுக்கு முன் நிற்க நேர்வதும் எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. அதே மனிதர்தாம் ஐந்தாம் நாள் விடுப்பு இல்லாதவர். பின்னர் அவர் முகத்துத் தழும்பைப் பார்த்து "ரவுடி" என்று எண்ணும் காவலரும், வேலை தரத் தயங்கும் முதலாளியும் இந்நகரில் இல்லாமலில்லை. வடசென்னை முகங்களை அடியாட்களின் முகங்களாகவே காட்டிப் பழகிய திரைப்படங்களுக்கும் அதில் பங்குண்டு.

சட்டத்தின் கண்ணில் தழும்பு

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, மிகக் கடுமையான முகச்சிதைவை 100 விழுக்காடு ஊனமாகக் கணக்கிட்டது. இரு கைகளையும் இழப்பதற்கு நிகராக அதை வைத்தது. விரல்களின் இழப்புக்கும் தனித்தனி விழுக்காடுகள் உண்டு. ஆனால் "மிகக் கடுமை" என்ற அளவை எட்டாத தழும்புக்கு அட்டவணையில் இடமில்லை. வருவாய் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டுத் தந்தால்தான் இழப்பீடு. தழும்பால் திறன் குறையவில்லை என்று எழுதிவிடுவது எளிது.

குற்றவியல் சட்டத்திலோ, தலையின் அல்லது முகத்தின் நிலையான உருச்சிதைவு கொடுங்காயம் எனப்படுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவில் இருந்த இந்த வரையறை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. வன்கொடுமை வழக்குகளில் காயம் எளிய காயமா, கொடுங்காயமா என்பது வழக்கின் எடையையே மாற்றும். ஆனால் காயச் சான்றிதழோ பெரும்பாலும் முதல் நாளின் விபத்துப் பதிவேட்டை வைத்தே எழுதப்படுகிறது. தழும்பு முதிர ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். கெலாய்டு அதற்குப் பின்னும் வளரும். முதல் நாள் பார்வைக்கு மூன்று சென்டிமீட்டர்க் கிழிசலாக இருந்தது, ஓராண்டில் முகத்தின் உருவையே மாற்றியிருக்கலாம். அந்த மாற்றம் எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளையும் தையல் நூல்களையும் 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. பல மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி அது. ஆகவே முதல் கோரிக்கை எளியது: முகக் காயங்களுக்கான 5-0, 6-0 ஒற்றை இழை நூலும், விரைவில் கரையும் நூலும் ஒவ்வொரு அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் இரவிலும் பகலிலும் இருப்பு இருக்க வேண்டும். முகத்தோலில் பட்டு நூலும் தடித்த நூலும் போடுவதில்லை என்பது எழுதப்பட்ட நெறியாக வேண்டும்.

இரண்டாவது, ஐந்தாம் நாள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி உறுதி செய்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிழைத்திருக்கும் நம் மக்களுக்கு அது பெரும் துணை. தையல் பிரிக்க வேண்டிய நாளோ அந்த 48 மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிறது. பட்டறையில் பட்ட காயம் அத்திட்டத்துக்குள் வருவதே இல்லை. நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மாலை நேரத் தையல் பிரிப்பு வேண்டும். வீடு தேடிச் செல்லும் "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்களுக்கு இப்பணியையும் பயிற்றுவிக்கலாம். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத சிறு கடைகளின் சுமைத் தொழிலாளர்களுக்கு, 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியங்கள் தையல் பிரிக்கும் நாளுக்கான கூலியை ஈடுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, இரண்டாம் சான்று. முகக் காயம் கண்டவர் ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டு, படத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும். இழப்பீட்டு ஆணையரும் நீதிமன்றமும் அந்தச் சான்றைப் பார்க்க வேண்டும்.

காயம்பட்டவரோடு மருத்துவமனைக்குச் செல்லும் தோழர்களும் மாணவர்களும் அந்நேரத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் சிலவே. காயத்துக்குள் இருக்கும் துருவும் தூளும் முழுமையாகக் கழுவப்பட்டனவா? எந்த நூல், எந்தப் பருமன்? தானே கரையுமா, பிரிக்க வேண்டுமா? எந்தத் தேதியில், எங்கே பிரிக்கலாம்? முன்பு காது குத்திய இடத்திலோ ஊசி போட்ட இடத்திலோ கெலாய்டு வந்ததுண்டா என்று அவரிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லிவிட்டோமா? விடைகளை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். காயத்தை முதல் நாளும் ஒவ்வொரு மாதமும் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருக்க வேண்டும். மரியாதையோடு கேட்கப்படும் இக்கேள்விகளுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் மகிழ்ந்தே விடை தருவர்.

சாத்தாங்காட்டில் நாளையும் தகடு வெட்டப்படும். யாரோ ஒருவர் கிழிபட்ட கன்னத்தைத் துண்டால் பொத்தியபடி ஆட்டோவில் ஏறுவார். அவருக்குப் போடப்படும் நூல் எது, அவர் ஐந்தாம் நாள் எங்கே இருப்பார் என்பவை மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். அம்முடிவுகளை எடுப்பவர்கள் தங்கள் பொறுப்பை அவர் தோலின் கணக்கில் எழுதிவிட்டுப் போவதற்கு இனி நாம் இடம்தரலாகாது.